எண்ணிக்கை எங்கே தொலைகிறது?
பல இழைகள் ஒரே மாறியைத் தொடும்போது: வகுப்பறையில் விளக்க ஒரு வழி

11ஆம் வகுப்பு கணினி அறிவியலில் இயக்க அமைப்பு பற்றிய பாடத்தில் ரவுண்ட் ராபின் முறையைக் கரும்பலகையில் வரைந்து விளக்குகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு நேரத் துண்டு. நேரம் முடிந்ததும் அந்த வேலை ஓரமாக நிற்கும், அடுத்தது உள்ளே வரும். மாணவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்கிறார்கள், தேர்விலும் நன்றாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்திலிருந்து இயல்பாக எழவேண்டிய ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பாதியில் நிறுத்தப்பட்ட வேலையும், அதன் இடத்திற்கு வந்த வேலையும் ஒரே மாறியின் மதிப்பை மாற்றினால் என்ன ஆகும்?

திருவண்ணாமலையில் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்தும் நான், இந்தக் கேள்வியை ஒரு பாடவேளையும் ஒரு செய்முறை வகுப்பும் எடுத்து மாணவர்களுடன் அலசுவது வழக்கம். இது பாடநூலுக்கு வெளியே போவதாகத் தோன்றலாம். ஆனால் இன்று மாணவர் கையில் இருக்கும் கைப்பேசியிலேயே பல கருக்கள் கொண்ட செயலி இருக்கிறது. ஒரே நிரலின் பல பகுதிகள் அதில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அப்படி ஓடும் ஒவ்வொரு பகுதியையும் இழை என்கிறோம். ஒரு நிரலின் இழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வசதியும் ஆபத்தும் அந்தப் பகிர்வில்தான் இருக்கின்றன.

நான்கு வாசல், ஒரே பலகை

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அண்ணாமலையார் கோயிலுக்குக் கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம் என நான்கு திசையிலும் பெரிய கோபுரங்கள் உண்டு. பௌர்ணமி நாளில் நான்கு வாசலிலும் மக்கள் உள்ளே வருவதாகவும், வாசலுக்கு ஒரு தொண்டர் நின்று எண்ணுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆனால் எண்ணிக்கையை எழுத நடுவில் ஒரே ஒரு பலகைதான் இருக்கிறது. ஒருவர் உள்ளே வந்ததும் அந்த வாசல் தொண்டர் பலகையில் இருக்கும் எண்ணுடன் ஒன்றைக் கூட்டி எழுத வேண்டும்.

“ஒன்றைக் கூட்டு” என்பது ஒரே வேலை போலத் தெரிகிறது. உண்மையில் அதில் மூன்று படிகள் உள்ளன.

முதல் படி: பலகையில் உள்ள எண்ணைப் படிப்பது.
இரண்டாம் படி: மனத்துக்குள் ஒன்றைக் கூட்டுவது.
மூன்றாம் படி: பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவது.

பலகையில் 100 இருக்கிறது. கிழக்கு வாசலில் ஒருவரும் தெற்கு வாசலில் ஒருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். நடப்பது இப்படி இருக்கலாம்:

1. கிழக்குத் தொண்டர் 100 என்று படிக்கிறார்.
2. தெற்குத் தொண்டரும் 100 என்று படிக்கிறார்.
3. கிழக்குத் தொண்டர் 101 என்று எழுதுகிறார்.
4. தெற்குத் தொண்டரும் 101 என்று எழுதுகிறார்.

வந்தவர் இருவர், கூடியது ஒன்று. இரு தொண்டர்களும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாலும் “நான் கூட்டி எழுதினேன்” என்றே சொல்வார்கள். பலகையிலும் பிழையின் தடயம் இருக்காது. 101 என்பது பார்வைக்கு நல்ல எண்தான். தொலைந்த ஒன்று எங்கே தொலைந்தது என்று பின்னால் தேடிக் கண்டுபிடிக்க வழி இல்லை. விளைவு யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து மாறும் இத்தகைய நிலையைக் கணினித் துறையில் ரேஸ் கண்டிஷன் என்பார்கள். மாணவர்களிடம் “போட்டி நிலை” என்று சொன்னால் போதும்.

டஸ்டர் விளையாட்டு: நான்கு சுற்றுகள்

கணினி ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் இதை வகுப்பறையிலேயே நடத்திக் காட்டலாம். தேவையானவை: கரும்பலகை, சாக்பீஸ், டஸ்டர், 40 புளியங்கொட்டைகள், ஒரு கடிகாரம்.

நான்கு மாணவர்களை வகுப்பின் நான்கு மூலைகளில் நிற்க வையுங்கள். ஒவ்வொருவருக்கும் 10 புளியங்கொட்டைகள். பலகையில் 0 என்று எழுதுங்கள். ஒரு கொட்டையைக் கீழே வைத்தால் ஒருவர் வந்ததாகப் பொருள். கொட்டையை வைத்துவிட்டு, பலகைக்கு வந்து எண்ணைப் படித்து, தன் மூலைக்குத் திரும்பிப் போய் நோட்டில் ஒன்றைக் கூட்டி, மீண்டும் பலகைக்கு வந்து கையால் அழித்துவிட்டு விடையை எழுத வேண்டும். எழுதப் போகும்போது பலகையில் வேறு எண் இருந்தாலும் அதைப் பொருட்படுத்தக் கூடாது. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது.

முதல் சுற்று: மேற்கண்ட விதிப்படி நால்வரும் ஒரே நேரத்தில் தொடங்கட்டும். 40 கொட்டைகளும் தீர்ந்த பின் பலகையைப் பாருங்கள். 40க்குக் குறைவான எண் இருக்கும். மீண்டும் நடத்தினால் வேறொரு எண் வரும். ஒரே விதி, ஒரே ஆட்கள், வெவ்வேறு விடை என்பதை மாணவர்கள் கண்ணால் காண்பது முக்கியம். அதுவரை நிரல் என்றால் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் சுற்று: இப்போது டஸ்டரைக் கொண்டுவாருங்கள். “எழுதும்போது மட்டும் டஸ்டர் கையில் இருக்க வேண்டும். ஒருவர் எழுதி முடித்து டஸ்டரை வைத்த பிறகே அடுத்தவர் எடுக்கலாம்” என்பது விதி. எண்ணைப் படிக்க டஸ்டர் தேவையில்லை. இதில் 40 வருமா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். பெரும்பாலான மாணவர்கள் வரும் என்பார்கள். வராது. எழுதுவதில் இடிபாடு இல்லைதான், ஆனால் பழைய எண்ணைப் படித்துவிட்டுப் போனவர் அந்தப் பழைய எண்ணை வைத்தே கூட்டி எழுதுகிறார்.

மூன்றாம் சுற்று: “பலகையைப் படிக்கும் முன்பே டஸ்டரை எடுக்க வேண்டும். படித்து, கூட்டி, எழுதி முடித்த பின்பே கீழே வைக்க வேண்டும்.” இப்போது 40 வரும், எத்தனை முறை நடத்தினாலும் வரும். ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருவர் நடக்கும் நேரம் முழுவதும் மற்ற மூவரும் சும்மா நிற்கிறார்கள். உடனே ஒரு மாணவர் “கூட்டுவதற்கு ஏன் சார் மூலைக்குப் போகணும், பலகைகிட்டயே நின்னு கூட்டினா டஸ்டர் சீக்கிரம் கிடைக்குமே” என்பார். அந்த மாணவரைப் பாராட்டுங்கள். பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தைக் குறைப்பது பல்லிழை நிரலாக்கத்தின் அடிப்படை ஒழுக்கம்.

நான்காம் சுற்று: பலகையே வேண்டாம். ஒவ்வொருவரும் தன் கொட்டைகளைத் தன் நோட்டிலேயே எண்ணட்டும். நால்வரும் முடித்த பின் ஐந்தாவது மாணவர் நான்கு நோட்டுகளையும் வாங்கிக் கூட்டிப் பலகையில் எழுதட்டும். 40 வரும். நான்கு சுற்றுகளில் மிக வேகமானதும் இதுவே.

தீர்வுகளின் சாரம் இந்த நான்கு சுற்றுகளில் வந்துவிட்டது. கணினியில் நடப்பதை இனி இதனோடு பொருத்திக் காட்டுவது எளிது.

செயலிக்குள் நடப்பது

நிரலில் “மொத்தம் = மொத்தம் + 1” என்று ஒரே வரியில் எழுதுகிறோம். செயலி அதைப் பொதுவாக மூன்று வேலைகளாகவே செய்கிறது. நினைவகத்திலிருந்து மதிப்பைப் பதிவகத்துக்கு எடுக்கிறது, ஒன்றைக் கூட்டுகிறது, மீண்டும் நினைவகத்தில் எழுதுகிறது. முதல் வேலைக்கும் மூன்றாம் வேலைக்கும் நடுவில் நேரத் துண்டு முடிந்துவிட்டால் இழை நிறுத்தப்படும். பல கருக்கள் உள்ள செயலியில் யாரையும் நிறுத்தவே தேவையில்லை. இரண்டு கருக்கள் ஒரே நொடியில் அதே இடத்தைப் படிக்க முடியும். பதிவகம் என்பது மாணவரின் நோட்டு, நினைவகம் என்பது கரும்பலகை என்று சொன்னால் புரிந்துவிடும்.

12ஆம் வகுப்பில் நாம் கற்பிக்கும் பைத்தானிலும் இதே கதைதான். அங்கும் ஒரு வரிக் கூட்டல் உள்ளே பல சிறு கட்டளைகளாகப் பிரிகிறது. பைத்தானின் வழக்கமான வடிவத்தில் ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே அக்கட்டளைகளை இயக்க முடியும், அதற்கு உள்ளேயே ஒரு பொதுப் பூட்டு இருக்கிறது. ஆகவே பைத்தானில் இந்தச் சிக்கலே வராது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அந்தப் பூட்டு மொழிபெயர்ப்பியைக் காக்கிறது, நம் மாறியைக் காப்பதில்லை. ஒரு கூட்டலின் நடுவில் இழை மாறாது என்ற உறுதியை மொழி நமக்குத் தரவில்லை.

“சரியான விடைதானே வந்தது?”

இந்த இடத்தில் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்களைப் பார்த்து, இரண்டு இழைகளில் லட்சம் முறை ஒன்றைக் கூட்டும் நிரலை எழுதி, “பாருங்கள், விடை குறையும்” என்று இன்றைய பைத்தானில் ஓட்டினால் விடை குறையாமலே வந்துவிடலாம். 3.10 பதிப்பிலிருந்து, இழையை மாற்ற வேண்டுமா என்று பைத்தான் பார்ப்பது மடக்கு திரும்பும் இடம், செயற்கூறு அழைக்கப்படும் இடம் போன்ற சில இடங்களில் மட்டுமே. எளிய கூட்டலின் நடுவே அது பார்ப்பதில்லை. அதனால் பிழை மறைந்துகொள்கிறது. நிரல் திருந்தவில்லை, வாய்ப்பு மட்டும் குறைந்திருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் அந்தப் பொதுப் பூட்டே இல்லாத ஒரு சோதனை வடிவமும் தரப்பட்டது. அதே நிரலை அதில் ஓட்டினால் மறைந்திருந்த பிழை வெளியே வரும்.

“ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது” என்பதை நம் மாணவர்கள் முழுச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். செய்முறைத் தேர்விலும் வெளியீடு சரியாக வந்தால் மதிப்பெண் தருகிறோம். ஓர் இழை உள்ள நிரலுக்கு அது ஓரளவு பொருந்தும். பல இழைகள் உள்ள நிரலுக்குப் பொருந்தாது. இதை மாணவர் மனத்தில் பதிக்க நான் சொல்வது தெராக்-25 என்ற கருவியின் கதை.

புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருவதற்காகக் கனடாவின் அரசு நிறுவனமான ஏஇசிஎல் உருவாக்கிய கருவி அது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. குறைந்தது 3 பேர் அதனால் இறந்தார்கள். கருவியின் மென்பொருளில் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடின. அவை சில மாறிகளைப் பகிர்ந்துகொண்டன, அந்தப் பகிர்வுக்குத் தக்க பாதுகாப்பு இல்லை.

1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த விபத்துகளில், இயக்குபவர் விவரங்களைத் தட்டச்சு செய்து, உடனே பின்னால் போய் ஒரு திருத்தம் செய்திருந்தார். அதற்குள் கருவி பழைய விவரத்தைப் படித்துக்கொண்டு காந்தங்களைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தது. திருத்தம் திரையில் தெரிந்தது, கருவிக்குள் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. மெதுவாகத் தட்டச்சு செய்தபோது பிழை வரவே இல்லை. மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குபவரும் வேகமாகத் தட்டச்சு செய்து பார்த்த பிறகே அதை மீண்டும் வரவழைக்க முடிந்தது. அனுபவம் கூடக் கூட விரல் வேகமும் கூடும். சோதனையில் வராத பிழை, கைதேர்ந்தவரிடம் வந்தது.

1987 விபத்துக்குக் காரணமான பிழை இன்னும் எளிமையானது. இரண்டு வேலைகள் பகிர்ந்துகொண்ட ஒரு மாறி இருந்தது. அது பூச்சியம் அல்லாவிட்டால் “கருவியின் நிலையைச் சரிபார்” என்று பொருள். அதில் ஒரு நிலையான எண்ணை வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அது ஒரு பைட் மாறி, 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 256ஆவது முறை மதிப்பு மீண்டும் பூச்சியமாகிவிடும். சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் சரிபார்ப்பு நடக்காது. கூட்டுவதை விட்டுவிட்டு ஒரு நிலையான எண்ணை வைத்ததே பின்னர் செய்யப்பட்ட திருத்தம். ஒரு பைட்டில் அடங்கும் பெரிய எண் 255 என்று நாம் எண் முறைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்தப் பாடத்தின் எடை இதில் தெரியும்.

தீர்வுகள்: வாக்குச்சாவடியில் நாம் பார்த்தவை

எண்ணிக்கை தொலையாமல் காக்க மூன்று வழிகள் உண்டு. அவற்றுள் இரண்டை நம்மில் பலர் தேர்தல் பணியில் கையாலேயே செய்திருக்கிறோம்.

முதல் வழி, பூட்டு. வாக்குச்சாவடியில் கண்ட்ரோல் யூனிட்டைப் பொறுப்பேற்கும் அலுவலர் பேலட் பொத்தானை அழுத்தினால்தான் மறைவிடத்தில் உள்ள பேலட் யூனிட் ஒரு வாக்கை ஏற்கத் தயாராகும். உடனே கண்ட்ரோல் யூனிட்டில் பிஸி விளக்கு சிவப்பாக எரியும். அது எரியும்வரை அடுத்தவருக்கு இடமில்லை. வாக்காளர் பொத்தானை அழுத்தி, வாக்கு பதிவாகி, பீப் ஒலி கேட்டு, விளக்கு அணைந்த பிறகே அடுத்த வாக்காளருக்கு அனுமதி. வாக்காளர் எத்தனை பொத்தான்களை எத்தனை முறை அழுத்தினாலும் ஓர் அனுமதிக்கு ஒரு வாக்குதான். வேட்பாளர்கள் அதிகமாக இருந்து ஒன்றுக்கு மேற்பட்ட பேலட் யூனிட்டுகளை இணைத்தாலும் எண்ணிக்கை ஒன்றே, அனுமதியும் ஒன்றே.

நிரலில் பூட்டு செய்வதும் இதுதான். பூட்டைப் பெற்ற இழை மட்டும் உள்ளே போகும். மற்றவை வாசலில் காத்திருக்கும். வேலை முடிந்ததும் பூட்டு விடுவிக்கப்படும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய அந்த நிரல் பகுதிக்கு நெருக்கடிப் பகுதி என்று பெயர். இந்தச் சிக்கலை முறையாக வரையறுத்து 1965இல் தீர்வு வெளியிட்டவர் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் வகுத்த மற்றொரு கருவிக்கு செமஃபோர் என்று பெயர். ரயில் பாதை ஓரத்தில் நின்ற கைகாட்டி மரத்தின் பெயர் அது. பாதையில் ஒரு வண்டி இருக்கும்வரை கைகாட்டி இறங்காது.

இரண்டாம் வழி, பிரிக்க முடியாத செயல். படித்தல், கூட்டல், எழுதுதல் ஆகிய மூன்றையும் நடுவில் யாரும் நுழைய முடியாத ஒரே கட்டளையாகச் செய்து தரும் வசதி இன்றைய செயலிகளிலேயே உண்டு. சி++ மொழியில் 2011 தர வரையறையிலிருந்து அட்டாமிக் என்ற பெயரில் இது கிடைக்கிறது. ஜாவாவில் 2004இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து அட்டாமிக் இன்டிஜர் இருக்கிறது. ஒரே ஓர் எண்ணைக் கூட்டுவதுதான் வேலை என்றால் பூட்டைவிட இது பொதுவாக வேகமானது. பைத்தானின் அடிப்படை நூலகத்தில் இப்படி ஒரு முழு எண் வகை இல்லை. ஆகவே அங்கே பூட்டுதான் வழி.

மூன்றாம் வழி, தனித்தனியே எண்ணிக் கடைசியில் கூட்டுவது. எங்கள் மாவட்டத்தில் 8 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏராளமான வாக்குச்சாவடிகள். எல்லாச் சாவடிகளும் ஒரே பொது எண்ணைக் கூட்ட வேண்டும் என்றால் எவ்வளவு நெரிசலாகும்! அதனால்தான் ஒவ்வோர் இயந்திரமும் தனியாக எண்ணுகிறது. வேறெந்த இயந்திரத்தோடும் அதற்குத் தொடர்பில்லை. சாவடி முடிந்ததும் 17சி படிவத்தில் மொத்தத்தை எழுதி முகவர்களுக்குத் தருகிறோம். வாக்கு எண்ணும் நாளில்தான் எல்லாம் மேசை மேசையாக, சுற்று சுற்றாகக் கூட்டப்படுகின்றன. நிரலிலும் ஒவ்வோர் இழைக்கும் தனி மாறி கொடுத்து, எல்லா இழைகளும் முடிந்த பின் கூட்டினால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. நடுவில் “இப்போது மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டால் துல்லியமான விடை கிடைக்காது. வாக்குப்பதிவு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாம் அனுப்பும் எண்ணிக்கை, எல்லாச் சாவடியிலிருந்தும் வந்து கூட்டப்படுவதற்குள் பழையதாகிவிடுகிறது அல்லவா, அது போல. இடைக்கால எண் தேவையில்லாத வேலைக்கு மூன்றாம் வழி சிறந்தது. ஒவ்வொரு கணமும் சரியான எண் தேவைப்படும் வேலைக்கு முதல் இரண்டும் ஏற்றவை.

17ஏ பதிவேட்டில் உள்ள வரிசை எண்ணும் இயந்திரம் காட்டும் மொத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று நாம் பார்க்கிறோம். அதற்கும் நிரலாக்கத்தில் இணை உண்டு. ஒரே விடையை வேறொரு வழியிலும் எண்ணி ஒப்பிட்டால்தான் ஓசையில்லாமல் தொலைந்தது தெரியவரும்.

பூட்டு போட்டும் தவறும் இடங்கள்

பூட்டு என்ற சொல்லைக் கற்றதும் மாணவர்கள் எல்லா இடத்திலும் பூட்டத் தொடங்குவார்கள். நான்கு இடங்களில் அவர்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, படிக்கும்போது பூட்டாமல் எழுதும்போது மட்டும் பூட்டுவது. டஸ்டர் விளையாட்டின் இரண்டாம் சுற்று இது.

இரண்டு, ஆளுக்கொரு பூட்டு. ஒவ்வோர் இழையும் தனக்கென்று ஒரு பூட்டை உருவாக்கிக்கொண்டால் யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். ஒரு மாறிக்கு ஒரு பூட்டு, அதை எல்லோரும் பகிர வேண்டும்.

மூன்று, முட்டுக்கட்டை. ஒரு மாணவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு டஸ்டருக்காகக் காத்திருக்கிறார். இன்னொருவர் டஸ்டரை எடுத்துக்கொண்டு சாக்பீஸுக்காகக் காத்திருக்கிறார். இருவரும் மாலை மணி அடிக்கும்வரை நிற்க வேண்டியதுதான். “முதலில் சாக்பீஸ், பிறகு டஸ்டர்” என எல்லோரும் ஒரே வரிசையில் எடுத்தால் இந்த நிலை வராது.

நான்கு, சரிபார்ப்பையும் மாற்றத்தையும் பிரிப்பது. ரயிலில் ஓர் இருக்கைதான் மீதி. தட்கல் நேரத்தில் இருவர் ஒரே நொடியில் கேட்கிறார்கள். “இருக்கை உண்டா?” என்ற கேள்வியைத் தனியாகவும், “ஒன்றைக் கழி” என்ற கட்டளையைத் தனியாகவும் வைத்தால், இருவருக்கும் “உண்டு” என்ற பதில் கிடைத்து, ஒரே இருக்கை இருவருக்குப் போகலாம். கேள்வியும் கழித்தலும் ஒன்றாக நடக்க வேண்டும். 12ஆம் வகுப்பு எஸ்க்யூஎல் பாடத்தில் அப்டேட் கட்டளையை நடத்தும்போது, “இருக்கை பூச்சியத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி” என்று நிபந்தனையை அதே கட்டளைக்குள் வைத்துக் காட்டலாம். கமிட், ரோல்பேக் ஏன் தேவை என்ற கேள்விக்கும் இதுவே நல்ல நுழைவாயில்.

ஆய்வகத்தில்

பைத்தானில் மாணவர்கள் எழுதுவதற்கான போலிக் குறிமுறை இது:

மொத்தம் ← 0
செயற்கூறு எண்ணு:
  1000 முறை செய்:
    பழையது ← மொத்தம்
    ஒரு கணம் நில்
    மொத்தம் ← பழையது + 1
இரண்டு இழைகளை உருவாக்கி, இரண்டிலும் எண்ணு என்பதைத் தொடங்கு
இரண்டும் முடியும்வரை காத்திரு
மொத்தத்தை அச்சிடு

“ஒரு கணம் நில்” என்ற வரிக்கு டைம் தொகுதியின் ஸ்லீப் செயற்கூறில் பூச்சியம் கொடுத்தால் போதும். அது மற்ற இழைக்கு வழிவிடும். மறைந்திருக்கும் பிழை எந்தப் பதிப்பிலும் வெளிப்பட இந்த வரி உதவுகிறது. விடை 2000க்கு வெகுவாகக் குறைந்து வரும். அடுத்து, திரெடிங் தொகுதியிலிருந்து ஒரு லாக் எடுத்து, மடக்கின் உள்ளே இருக்கும் மூன்று வரிகளையும் வித் கூற்றுக்குள் வைக்கச் சொல்லுங்கள். வித் பயன்படுத்தினால், நடுவில் பிழை ஏற்பட்டு வெளியேறினாலும் பூட்டு தானே விடுபடும். இப்போது 2000 வரும். பிறகு வித் கூற்றைக் கடைசி வரிக்கு மட்டும் நகர்த்தி மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்று நினைவுக்கு வரும்.

இரண்டு இழைகளும் முடியும்வரை காத்திருக்கும் ஜாயின் வரியைச் சிலர் விட்டுவிடுவார்கள். அப்போதும் விடை குறைந்து வரும், ஆனால் காரணம் வேறு. எண்ணி முடிப்பதற்குள் மொத்தத்தை வாசித்துவிட்டார்கள். இரண்டு காரணங்களையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள்

1. பலகையில் 100 இருக்கும்போது மூன்று வாசலில் மூவர் நுழைந்தால், பூட்டு இல்லாத நிலையில் வரக்கூடிய இறுதி எண்கள் எவை? (விடை: 101, 102, 103.)

2. டஸ்டர் விளையாட்டின் முதல் சுற்றில் நால்வரும் தலா 10 முறை கூட்டுகிறார்கள். பலகையில் வரக்கூடிய மிகச் சிறிய இறுதி எண் எது? 10 என்றுதான் முதலில் சொல்வார்கள். விடை 2. முதல் மாணவர் 0 என்று படித்துவிட்டு மூலையில் நிற்கிறார். அதற்குள் மூன்றாமவரும் நான்காமவரும் தம் வேலை முழுவதையும், இரண்டாமவர் 9 முறையையும் முடித்துவிடுகிறார்கள். இப்போது முதல் மாணவர் வந்து 1 என்று எழுதுகிறார். இரண்டாமவர் தன் கடைசி முறைக்காக அந்த 1ஐப் படித்துக்கொண்டு போகிறார். முதல் மாணவர் மீதி 9 முறையையும் முடிக்கிறார். கடைசியாக இரண்டாமவர் வந்து 2 என்று எழுதுகிறார். 38 கூட்டல்கள் காணாமல் போயின.

3. பள்ளி ஆண்டு விழாவுக்கு வருவோரை மூன்று வாசலில் எண்ண வேண்டும். அரங்கில் 500 பேருக்குத்தான் இடம், நிரம்பியதும் உடனே வாசல்களை மூட வேண்டும். மூன்று வழிகளில் எதைத் தேர்வீர்கள்? (ஒவ்வொரு கணமும் சரியான மொத்தம் தேவைப்படுவதால் தனித்தனி எண்ணிக்கை இங்கே உதவாது. “500க்குக் குறைவா?” என்ற சரிபார்ப்பும் கூட்டலும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும்.)

இந்த வினாக்களுக்கு நிரலை ஓட்டிப் பார்த்து விடை சொல்ல முடியாது. எந்தப் படிக்கு நடுவில் யார் நுழைய முடியும் என்று தாளில் எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் வினாவை மட்டும் விடை சொல்லாமல் ஒருநாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பாருங்கள். மறுநாள் 10 என்பவருக்கும், 4 என்பவருக்கும், 2 என்பவருக்கும் இடையே நடக்கும் விவாதத்திலேயே பாடம் நடந்துவிடும். ஆசிரியர் செய்ய வேண்டியது, ஒவ்வொருவரையும் பலகைக்கு அழைத்து, தன் விடைக்கான வரிசையைப் படிப்படியாக எழுதிக் காட்டச் சொல்வது மட்டுமே.